சீமாட்டி கோடைவாசம் போயிருக்கிறார்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் ஒரு குதிரைவண்டிக்காரர். கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எழுத்தாளர்கள் கண்களை மூடிக்கொண்டு, இளமைப் பருவம், மழை, என்றோ நாசியில் ஏறிய ஒரு வாசனை என்று ஏதாவது சொல்வார்கள். எனக்கும் ஒரு வாசனை உண்டு. குதிரைச் சாணம்.

வண்டிக்காரருக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. பனி விழுவதற்குள் வேண்டும் என்றார். கதையின் மற்ற பாகமெல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதில் என் மனைவி இருந்தாள், நானும் ஒரு ஓரமாக இருந்தேன். முடிவு மட்டும் இல்லை.

நான் எழுத்தாளன் அல்ல. வேலைக்காலம் முழுக்க ஒரு நாளிதழில் பிழைதிருத்துபவனாக இருந்தவன். அதிலும் பெரும்பகுதி மரண அறிவிப்புப் பக்கம். செத்தவர் பெயரில் எழுத்துப்பிழை விட்டால்கூட வியன்னாக் குடும்பங்கள் மன்னித்துவிடும். பெயருக்கு முன்னால் இருக்கும் பட்டத்தை விட்டுவிட்டால் வழக்கறிஞரோடு மாடியேறி வரும். ஆக, எனக்குப் பிறர் வாக்கியங்களைத்தான் தெரியும். அவற்றில் எங்கே கோளாறு என்று தெரியும். கோளாறே இல்லாத வாக்கியம் எப்படித் தொடங்கும் என்று தெரியாது.

பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். வண்டி இன்னும் வேகம் எடுக்கவில்லை.

2

முதல் தொடக்கம்:

"டான்யூப் நதியின் மீது அந்திச் சூரியன் தன் பொற்கதிர்களை—"

விட்டுவிட்டேன். எங்கள் ஜன்னலிலிருந்து டான்யூப் தெரியாது. நகரத்தின் பழைய பகுதியில் எந்த ஜன்னலிலிருந்தும் தெரியாது. நதியைத் தூரத்தில் தள்ளிவைத்துவிட்டு, அதைப் பற்றிய பாட்டை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட ஊர் இது. நதியைத் தேடி நடந்து ஒரு வாய்க்காலைப் படம்பிடித்துக்கொண்டு திருப்தியாகத் திரும்பும் பயணிகளை நான் திருத்துவதில்லை. ஓய்வு பெற்றுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

"வியன்னா! இசையின் தலைநகரம்! வாருங்கள், இந்த மாபெரும்—"

இது பொய்முடி மாட்டிக்கொண்டு தெருமுனையில் கச்சேரி டிக்கெட் விற்கும் இளைஞர்களின் வசனம். அவர்களுக்கே இருக்கட்டும்.

மூன்றாம் தொடக்கம்:

"என் மனைவி யார் என்று அவள் இறந்த பிறகு வசந்த காலத்தில் ஒரு காலை வேளையில் ஜன்னல் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்."

இது பரவாயில்லை. கொஞ்சம் சாமர்த்தியமாக இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது. சாமர்த்தியமான வாக்கியத்தைக் கண்டால் என் கை தானாகச் சிவப்புப் பென்சிலைத் தேடும். ஆனாலும் இது உண்மை. வைத்துக்கொள்கிறேன்.

3

அவள் பெயர் லியோபோல்டினே நவ்ராட்டில். எல்லோருக்கும் போல்டி. டிராம்களில் மக்கள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைச் சேர்த்துவைக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். குடைகள், பல்செட்டுகள், ஒருமுறை ஒரு ஊன்றுகோல். அந்த ஊன்றுகோல் அவளைத் தூங்கவிடவில்லை. சாப்பாட்டு மேசையில் சூப்பைக் கிளறியபடி கேட்பாள்: "ஓட்டோகார், ஊன்றுகோலை விட்டுட்டு ஒருத்தன் எப்படி இறங்கிப் போயிருப்பான்?" நொண்டி நொண்டிப் போயிருப்பான் என்று நான் சொல்வேன். அந்தப் பதிலில் அவளுக்குத் திருப்தி இருந்ததில்லை.

யாரும் கேட்டு வராத பொருள்களை வருடத்துக்கு ஒருமுறை ஏலம் விடுவார்கள். அப்படி வந்ததுதான் சிவப்பு வெல்வெட் தலையணை, நான்கு மூலையிலும் குஞ்சத்தோடு. டிராமில் தலையணையோடு போனவன் யார், அவன் ஏன் அதைத் தேடி வரவில்லை என்று யோசிக்காமல் அதை வாங்க போல்டியால் முடியாது. யோசித்துக்கொண்டே வாங்கி வந்தாள். ஜன்னல் விளிம்பில் போட்டாள். ஓய்வு பெற்ற பிறகு காலையில் அதில் முழங்கைகளை ஊன்றி, தெருவைப் பார்த்துச் சாய்ந்துகொண்டாள். எங்கள் ஊரில் ஜன்னலில் சாய்வது ஒரு முழுநேர வேலை. சம்பளம்தான் கிடையாது.

வீடு நகரத்தின் நடுவில், தேவாலயத்துக்குப் பின்புறம். பிழைதிருத்துபவனுக்கு அங்கே எப்படி வீடு என்று கேட்பீர்கள். போல்டியின் அத்தை காலத்து வாடகை ஒப்பந்தம். வீட்டுக்காரர்களின் மூன்று தலைமுறை எங்கள் சாவுக்காகக் காத்திருக்கிறது. தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே இருக்கும் இடைமாடி. வண்டியின் உயரமான முன்னிருக்கையில் உட்கார்ந்து வரும் குதிரைவண்டிக்காரரின் தொப்பி எங்கள் ஜன்னலுக்குக் கையெட்டும் தூரத்தில் போகும்.

[இங்கே ஒரு சந்தேகம். எழுத எழுத இந்தப் பாத்திரம் நல்லவளாகிக்கொண்டே போகிறாள். செத்தவர்களிடம் இருக்கும் கோளாறு இது. மரண அறிவிப்புப் பக்கத்தில் ஒரு கெட்டவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆகவே பதிவுக்காக: போல்டி குறட்டை விடுவாள். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள், பிடிபட்டால் விதிகளை மாற்றுவாள். என் தங்கையை அவள் முகத்துக்கு நேரே "ஈரத்துணி" என்பாள். இப்போது கொஞ்சம் நம்பலாம்.]

இலையுதிர் காலத்தில் வயிற்றில் வலி என்றாள். குளிர்காலத்தில் மருத்துவமனை. பெயர் கேட்ட தாதியிடம் தன்னைச் சீமாட்டி என்று சொல்லிக்கொண்டாள். வலி மருந்தின் வேலை என்று நினைத்து நான் தாதியிடம் மன்னிப்புக் கேட்டேன், சரியான பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். தாதி தலையாட்டிவிட்டு, கடைசிவரை அவளைச் சீமாட்டி என்றே கூப்பிட்டாள். போல்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அதற்கும் மருந்துதான் காரணம் என்று நினைத்தேன்.

அடக்கத்துக்கு நல்ல கூட்டம். பின்வரிசையில் மீசைக்காரர் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவரிடமிருந்து லாயத்து நாற்றம் வந்தது. அடுத்த அடக்கத்துக்கு வந்தவர் வரிசை மாறி நிற்கிறார் என்று முடிவு செய்தேன். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் அப்படி நடப்பது சகஜம்.

4

அதுவரை காலை நேரங்களில் நான் வீட்டில் இருந்ததில்லை. காபி இல்லத்தில் உட்கார்ந்து, அன்றைய நாளிதழ்கள் எல்லாவற்றிலும் பிழை தேடுவேன். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால் அங்கே என்னை டாக்டர் என்பார்கள். மறுத்தால் பேராசிரியர் ஆக்கிவிடுவார்கள் என்பதால் மறுத்ததில்லை.

போல்டி போன பிறகு முதல்முறை அங்கே போனபோது, பரிசாரகர் கேட்காமலே காபி கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு கசகசாக் கேக் துண்டு. தோளைத் தொட்டார். வியன்னாவில் ஒரு பரிசாரகர் அன்பாக நடந்துகொள்கிறார் என்றால் உங்கள் நிலைமை அவ்வளவு மோசம் என்று பொருள். அதன் பிறகு நான் அங்கே போகவில்லை.

அதனால்தான் அந்த ஏப்ரல் காலையில் வீட்டில் இருந்தேன். தலையணையை அலமாரியில் மடித்து— (தலையணையை மடிக்க முடியாது. திணித்து) —திணித்துவைத்திருந்தேன். காற்றுக்காக ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்தேன். குளம்பொலி வந்தது, நின்றது. ஒரு ஆண்குரல், நாடகக்காரனின் நிதானத்தோடு:

"மேல பாருங்க. இந்த ஜன்னல்லதான் சீமாட்டி இருப்பாங்க. இன்னைக்கு இல்ல. கோடைவாசம் போயிருக்காங்க."

ஏப்ரலில் யார் கோடைவாசம் போவார் என்று வண்டியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"சீமாட்டிகளுக்குக் கோடை சீக்கிரம் வந்துரும்," என்றார் வண்டிக்காரர். வண்டி போய்விட்டது.

எங்கள் மாடியில் எங்களைத் தவிர ஒரு பல்மருத்துவர் மட்டும் இருக்கிறார். அவருக்குத் தாடி உண்டு.

மறுநாள் காத்திருந்தேன். மறுநாளும் வண்டி நின்றது, சீமாட்டி கோடைவாசத்தில் இருந்தார். செம்மரிங் மலையில், சுத்தமான காற்றுக்காக. அதற்கடுத்த நாளும் இருந்தார். மே மாதம் முழுக்க, ஜூன் முழுக்க, எனக்குத் தெரியாத ஒரு சீமாட்டி என் மனைவியின் ஜன்னலில் இல்லாமல் இருந்தார். என் மனைவி இல்லாமல் இருப்பதற்கு அங்கே இடமே இல்லை.

5

எனக்குக் கோபம் வந்தது. அதைப் பெரிய கோபம் என்று எழுதினால் அழகாக இருக்கும். நடந்தது என்னவென்றால், ஒரு பிழை கண்ணில் பட்டால் வரும் சின்ன எரிச்சல். அதைத் திருத்தாமல் தூங்க முடியாது. அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. கல்லில் வெட்டியிருக்கிறோம். அதற்குக் கீழே வந்து நின்றுகொண்டு ஒருவன் வேறு பெயரைச் சொல்லிக் காசு பார்ப்பதா?

சட்டமும் என் பக்கம்தான். பேரரசு கவிழ்ந்ததும் குடியரசு முதல் வேலையாகப் பிரபுப் பட்டங்களை ஒழித்தது. சீமாட்டி என்று ஒருவரை அழைப்பது அன்றிலிருந்து சட்ட விரோதம். அதனால்தான் ஊரில் ஒரு பரிசாரகர் விடாமல் எல்லோரும் அப்படியே அழைக்கிறார்கள்.

ஜன்னலைத் திறந்து அந்த ஆளைப் பார்த்துக் கத்தியிருக்கலாம். ஆனால் முழு வாசகத்தையும் படிக்காமல் திருத்தக் கூடாது என்பது தொழில் தர்மம். முழு வாசகம் வண்டிக்குள் இருந்தது.

இங்கே நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வியன்னாக்காரன் குதிரைவண்டியில் ஏற மாட்டான். கல்யாணம் என்றால் ஏறுவான், பந்தயத்தில் தோற்றாலும் ஏறுவான். மற்றபடி அது வெளியூர்க்காரர்களுக்கு. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் வீடு மாற்றத் தோன்றும் அவமானம். எங்கள் வாடகைக்கு வீடு மாற்ற முடியாது. ஆகவே வேடம் போட்டேன். மழையே இல்லாத நாளில் மஞ்சள் மழையங்கி. போல்டியின் பழைய கேமரா கழுத்தில். பேரரசியின் படம் போட்ட ஒரு தொப்பி, அதை வாங்கியபோது கடைக்காரப் பெண் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினாள். வேடம் பொருந்திவிட்டது என்று தெரிந்துகொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது, நாற்பது வருடமாக நடைபாதையில் நான் இடித்துத் தள்ளிக்கொண்டு போன அத்தனை பேரும் அதில் தெரிந்தார்கள்.

6

தேவாலயத்துக்குப் பக்கத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். அந்தக் குரலைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஃபெர்டல் என்று மற்ற வண்டிக்காரர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். மீசை, கறுப்புத் தொப்பி, இரண்டு பழுப்புக் குதிரைகள். எங்கேயோ பார்த்த முகம். வண்டிக்காரர்கள் எல்லோருமே எங்கேயோ பார்த்த முகம்தான்.

ஏற்கெனவே ஒரு தம்பதி ஏறியிருந்தது. நானும் சேர்ந்தால் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று அந்தப் பெண்ணே அழைத்தாள். லூடர்ஸ் என்று பெயர் சொன்னார்கள். நான் எந்த ஊர் என்று கேட்டாள். ஜெர்மனி என்றேன், பிரேமன் நகரம். அவர்களும் பிரேமன்.

(இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் கற்பனை செய்திருந்தால் அவர்களை வேறு ஊர்க்காரர்களாக ஆக்கியிருப்பேன். உண்மைக்கு அந்தக் கவனம் கிடையாது.)

"பிரேமன்ல எங்க?" என்றாள் திருமதி லூடர்ஸ்.

ஆற்றங்கரைப் பக்கம் என்றேன். எல்லா ஊரிலும் ஆறு இருக்கும் என்ற நம்பிக்கைதான். எந்தக் கரை என்றாள். இடது என்றேன். அவள் கணவனைப் பார்த்தாள், அவர் குதிரையின் பின்புறத்தைப் பார்த்தார். முன்னால் ஃபெர்டலின் முதுகு லேசாகக் குலுங்கியது. கற்கள் பாவிய தெரு என்று நினைத்துக்கொண்டேன்.

நகரத்தைச் சுற்றிக் காட்டினார். அவர் சொன்னதில் நான்கில் மூன்று பொய். எந்த அரண்மனையில் யார் யாரை விஷம் வைத்துக் கொன்றார்கள் என்பதையெல்லாம் மனதுக்குள் திருத்திக்கொண்டே வந்தேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வண்டியின் உயரத்திலிருந்து பார்த்தால் இது வேறு ஊர். கடைப் பலகைகளுக்கு மேலே, நான் ஒருநாளும் நிமிர்ந்து பார்க்காத இடத்தில், கல்லில் செதுக்கிய முகங்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் பட்டது. தொப்பி காரணமாக இருக்கலாம்.

பிறகு எங்கள் தெரு. வண்டி நின்றது. எங்கள் ஜன்னலை முதன்முறையாக வெளியிலிருந்து, சுற்றுலாப் பயணியாகப் பார்த்தேன். கண்ணாடி அழுக்காக இருந்தது.

"இதுதான் சீமாட்டி வீடு," என்றார் ஃபெர்டல். "இப்போ செம்மரிங்ல இருக்காங்க."

சீமாட்டி ஏன் அரைமாடியில் இருக்கிறார் என்று திருமதி லூடர்ஸ் கேட்டாள்.

"சொத்து பாதி போயிடுச்சும்மா. மாடியும் பாதியாயிடுச்சு."

கதை தொடங்கியது. இந்த நகரத்தில் யார் எதைத் தொலைத்தாலும் அது கடைசியில் சீமாட்டியிடம்தான் போய்ச் சேருமாம். பேரரசரின் குடை ஒன்று இன்னும் மேலே இருக்கிறதாம். ஒரு காலத்தில் கால் அடிபட்ட லெப்டினன்ட் ஒருவன் ஊன்றுகோலோடு டிராமில் ஏறினான். எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் இறங்கினாள். அவனும் எழுந்து அவள் பின்னாலேயே இறங்கிப் போய்விட்டான். ஊன்றுகோல் ஞாபகமே வரவில்லை. பாதித் தெரு போன பிறகுதான் தான் நடக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரிந்தது.

"அதைத் தேடி அவன் திரும்பி வரவே இல்ல," என்றார் ஃபெர்டல். "வந்தா மறுபடி நொண்ட ஆரம்பிச்சிருவோமோன்னு பயம். சீமாட்டி அதைப் பத்திரமா வச்சிருக்காங்க."

திருமதி லூடர்ஸ் கையுறையால் கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதிப் பார்த்தேன். நான்குமுறை அடித்துவிட்டேன். "என் நெஞ்சில் ஏதோ—" அடித்தேன். "உலகமே ஒரு கணம்—" அடித்தேன். ஊன்றுகோல் கேள்விக்கு அவள் பதில் கண்டுபிடித்துவிட்டாள். அதை என்னிடம் சொல்லவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஜன்னலில் சீமாட்டிக்குப் பின்னால் சில நாள் ஒரு வழுக்கைத்தலை தெரியும் என்று ஃபெர்டல் தொடர்ந்தார். அது அவருடைய வேலையாள்.

"பேரு ஓட்டோகார். ரொம்ப வருஷமா கூடவே இருக்கான். அவனுக்கு ஒரே வேலை, தப்பு கண்டுபிடிக்கிறது. சீமாட்டிக்கு யாராவது காதல் கடிதம் எழுதினா அதுல காற்புள்ளி போட்டுத் திருப்பி அனுப்பிருவான். வீட்ல ஒரு சுவர்க்கடிகாரம் ஓடல. ஆனா அதை அவங்க எடுத்துப் போடல, அது மாதிரிதான் இவனும்."

எங்கள் சுவர்க்கடிகாரம் ஓடுவதில்லை.

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது உண்டா?" என்றாள் திருமதி லூடர்ஸ். பிரேமன்காரர்களுக்கு எல்லாவற்றையும் தீர விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபெர்டல் கடிவாளத்தைச் சுண்டினார். "நானும் கேட்டேன்மா. அது மட்டும் வண்டிக்காரனுக்குச் சொல்றதில்லன்னுட்டாங்க."

7

லூடர்ஸ் தம்பதி இறங்கிப் போன பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். ஃபெர்டல் குதிரைகளின் வாயில் தீவனப் பையை மாட்டினார். பிறகு என் பக்கம் வந்து நின்றார்.

"தொப்பி நல்லா இல்ல, டாக்டரய்யா."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"இடதுகரையிலிருந்து. அதுக்கு முன்னாடியும் தெரியும். அடக்கத்துல பின்னால நின்னேன். குதிரை நாத்தம் அடிச்சிருக்குமே."

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். அவர் சொன்ன அளவுக்கு என்னால் சொல்ல முடியாது. பல வருடங்களுக்கு முன் அவர் எங்கள் ஜன்னலைக் காட்டி, இங்கே ஒரு இளவரசர் தூக்கில் தொங்கினார் என்று வழக்கம்போல் அளந்துவிட்டுக்கொண்டிருந்தாராம். அப்போது மேலேயிருந்து ஒரு குரல்: "பொய் சொல்றதுன்னா ஒழுங்கா சொல்லுய்யா. வீட்டுக்காரி நான் உயிரோட இருக்கேன், யாரோ தொங்கினான்னு சொல்றியே, எனக்குத் தூக்கம் வருமா?" அடுத்த நாள் அவள் அவருக்கு வேறு கதை தயாராக வைத்திருந்தாள். அதற்கடுத்த வாரம் அதன் தொடர்ச்சி. பயணிகள் எங்கே கொட்டாவி விட்டார்கள் என்று விசாரித்து அந்த இடத்தை மாற்றுவாள். குதிரைகளுக்கு ஆப்பிள் துண்டு போடுவாள். நான் காபி இல்லத்திலிருந்து கிளம்பும் நேரத்துக்கு ஜன்னல் மூடிவிடும்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை?

"அதையும் கேட்டேன். 'அவன்கிட்ட சொன்னா திருத்துவான்'னாங்க."

குதிரை ஒன்று தும்மியது. தவிட்டுத் தூசி மழையங்கியில் ஒட்டியது.

நோய் முற்றிய பிறகு கடைசியாக ஒருநாள் சாய்ந்து நின்று அவரிடம் சொன்னாளாம்: "என்னை இங்க காணலன்னா கோடைவாசம்னு சொல்லிரு. செத்துட்டேன்னு சொன்னா உனக்கு ஒருத்தனும் டிப்ஸ் தர மாட்டான்."

"சொன்னேன்," என்றார் ஃபெர்டல். "ஏப்ரல்லேர்ந்து சொல்றேன். ஆனா பனி விழுந்த பிறகு செம்மரிங்ல என்ன கோடைவாசம்? சின்னப் புள்ளைங்ககூட கேக்கும். ஒண்ணு அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வரணும், இல்ல சாகடிக்கணும். எனக்குக் கதை கட்டத் தெரியாது, டாக்டரய்யா. நான் சொல்றவன். கட்டினது அவங்க. மிச்சத்தை நீங்கதான் செய்யணும்."

எனக்குத் திருத்தத்தான் தெரியும் என்றேன்.

"அப்ப எதையாவது தப்பா எழுதுங்க. அப்புறம் திருத்திக்கலாம்."

இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் இலக்கியம் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருப்பது ஒரு வண்டிக்காரர் கொடுத்த வேலை.

8

முடிவு ஒன்று. சீமாட்டி மலையில், தூய காற்றில், வெள்ளைப் படுக்கையில், கையில் ஒரு—

கையில் ஏன் எப்போதும் ரோஜா? ஆனாலும் எழுதிக் கொடுத்தேன். ஃபெர்டல் ஒரு காலை முழுக்கச் சொல்லிப் பார்த்தார். ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒரு வண்டியில் யாரோ விம்மினார்கள், இன்னொன்றில் ஒரு குழந்தை இறங்கிப் போக வேண்டும் என்று அடம்பிடித்தது. ஃபெர்டலின் தொப்பியில் ஒன்றும் விழவில்லை. போல்டி எச்சரித்ததுதான் நடந்தது. அத்தோடு, ஒரே காலையில் அவள் மூன்றுமுறை இறப்பதைக் கேட்பது என்னால் ஆகவில்லை. ஒருமுறையே அதிகமாகப் பட்டது.

முடிவு இரண்டு. உண்மை. "இங்கே லியோபோல்டினே நவ்ராட்டில் என்பவர் வாழ்ந்தார். தொலைந்த பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தார். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார்." நான் வந்தது இதற்காகத்தான் என்று நினைவிருக்கும். ஃபெர்டல் மறுக்காமல் சொன்னார், ஒரு பட்டத்தையும் சேர்க்காமல், அவள் பெயரை முழுதாக. என் காதால் கேட்டேன். வண்டியிலிருந்தவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, எதிரே இருக்கும் பழைய மருந்துக்கடையைப் படம்பிடித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கல்லில் வெட்டியதைவிடச் சரியாக இருந்தது. அவள் மட்டும் அதில் இல்லை.

[ஓரக்குறிப்பு: பிழையில்லாத வாசகத்தில் ஆள் இல்லாமல் போவதை நான் வேலையிலிருந்த காலத்தில் கவனித்ததில்லை. மரண அறிவிப்புகளை மறுபடி எடுத்துப் பார்க்கும் எண்ணம் இல்லை.]

முடிவு மூன்று. லெப்டினன்ட் திரும்பி வருகிறான். சீமாட்டியைச் செம்மரிங்கிலிருந்து கூட்டிக்கொண்டு—

இல்லை. இலக்கியக் காரணங்கள் எதுவும் கிடையாது. எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு நான்கு. ஃபெர்டலுக்குப் பிடித்தது இதுதான். சீமாட்டி வரவில்லை. வேலையாள் ஓட்டோகார் ஒருநாள் ஜன்னலைத் திறக்கிறான். தலையணையைப் போடுகிறான். சாய்கிறான். பயணிகள் கேட்கிறார்கள், சீமாட்டி எப்போது வருவார்? வேலையாள் பதில் சொல்ல வேண்டும்.

"என்ன சொல்வான்?" என்று ஃபெர்டலைக் கேட்டேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு அந்த பிரேமன்கார அம்மா கேட்டதுக்கும் அவன்தான் பதில் சொல்லணும்."

அந்தக் கேள்வியைப் பற்றி வெகுநேரம் யோசித்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஏதாவது உண்டா? வண்டிக்காரருக்குச் சொல்லவில்லை. எனக்கும் சொன்னதில்லை. எங்கள் தலைமுறையில் அதையெல்லாம் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. ஓடாத கடிகாரத்தைச் சுவரிலிருந்து எடுக்காமல் விட்டிருந்தாள். எங்கள் வீட்டில் அதுதான் பதிலாக இருந்திருக்கலாம். இல்லை, ஆணி கழற்றச் சோம்பலாகவும் இருந்திருக்கலாம். போல்டியை நம்ப முடியாது.

9

இன்று காலை ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தேன். நவம்பர் வந்துவிட்டது. செம்மரிங்கில் பனி என்று வானொலியில் சொன்னார்கள். எனக்கென்றே சொன்னதுபோல் இருந்தது.

தலையணையை அலமாரியிலிருந்து எடுத்து விளிம்பில் போட்டிருக்கிறேன். வெல்வெட்டில் இரண்டு இடத்தில் மயிர் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, அவள் முழங்கைகள் இருந்த இடம். சாய்ந்து பார்த்தேன். பொருந்தவில்லை. என் கைகள் நீளம். இடதுபக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது. வண்டி வரும் முனை அந்தப் பக்கம்தான். நானும் காபி இல்லத்திலிருந்து அந்த முனையைத் தாண்டித்தான் வருவேன். எதற்காக அந்தப் பக்கம் சாய்ந்தாள் என்று தெரியவில்லை. கேட்க ஆள் இல்லை.

திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதையை முடித்துக் கொடுங்கள் என்று ஃபெர்டல் நேற்றும் கேட்டார். முடிந்தவரை எழுதிவிட்டேன். கடைசி வரி இல்லை. சிவப்புப் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன், திருத்த ஒன்றும் இல்லை.

குளம்பொலி கேட்கிறது. வண்டி முனை திரும்பிவிட்டது.

உங்களுக்கு வண்டியில் ஒரு இடம் இருக்கிறது. அதில் ஏறியதே ஞாபகம் இல்லை என்று சொல்லாதீர்கள். முதலிலேயே இறங்கிக்கொள்ளச் சொன்னேன், நீங்கள் இறங்கவில்லை. மடியில் கம்பளி போர்த்தியிருப்பார்கள். அதில் குதிரை நாற்றம் இருக்கும், பழகிவிடும். ஃபெர்டல் இப்போது வண்டியை நிறுத்துவார். தொப்பியைக் கழற்றுவார். எதுவும் சொல்ல மாட்டார், சொல்வதற்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை.

நான் உள்ளே இருக்கிறேன். ஜன்னலில் யார் இருக்கிறார்கள் என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. அது தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். இவ்வளவு வருடம் கழித்து இதை மட்டும் கற்றிருக்கிறேன்.

நிமிர்ந்து பாருங்கள். அங்கே யார் என்று ஃபெர்டலிடம் சொல்லுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, எனக்கும் கேட்கும். நான் திருத்த மாட்டேன்.